பார்வையாளர் நேரம் நாலு முதல் ஆறு

எங்கள் தெருவில் ஒரு மனிதர் ஒரே நாளில் மூன்று வேட்பாளர்களுக்கும் ஓட்டுக் கேட்பார். ஒருவரும் அவரைப் பச்சோந்தி என்று சொன்னதில்லை. அது அவர் தொழில். துணிக்கடைத் திறப்பு, கண் பரிசோதனை முகாம், காணாமல் போன நாய் என்று ஊரில் எதைச் சொல்வதானாலும் அவர் குரல்தான் சொல்லும். ஊர் அவருக்கு வைத்த பெயர் ரேடியோ. கனத்த குரல், எண்ணெய் போட்ட கதவு திறப்பதுபோல வழுக்கிக்கொண்டு வரும். ஆளை நேரில் பார்த்தால் இந்த ஒல்லிக்குச்சி உடம்பிலா அந்தச் சத்தம் இருக்கிறது என்று சந்தேகம் வரும்.

அவர் குடியிருந்தது மாடியில். கீழே தெருவைப் பார்த்த அறையில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். அவர் மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்திருக்கும் பிரிவில் நர்ஸ். எனக்கும் தெருவுக்கும் அவர் சிஸ்டர். வருஷக்கணக்காக இரவு டியூட்டிதான். காலையில் எட்டரைக்கு வருவார். டீயில் நனைத்து இரண்டு ரொட்டித் துண்டு தின்பார். ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தால் மாலை நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார். அந்தப் பகல் தூக்கம் எங்கள் கட்டிடத்துக்குச் சட்டம் மாதிரி. மாடிப்படி ஏறுகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். கட்டுக்கட்டாகத் தாள் வெட்டும் இயந்திரத்தை நான் நாலு மணிக்குமேல்தான் தொடுவேன்.

அப்போதுதான் தேர்தல் வந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் ஊர் மூன்றுபட்டது. மரக்கடைக்காரர் ஒரு பக்கம், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் ஒரு பக்கம், உடற்பயிற்சிக்கூடம் நடத்தும் ஜிம்காரர் இன்னொரு பக்கம். மூன்று பேரும் வந்து நின்றது ரேடியோ வீட்டு வாசலில்தான்.

ரேடியோ குரல் பதிவது படுக்கையறைத் துணி அலமாரிக்குள். இரண்டு பக்கமும் போர்வைகளை அடுக்கி, நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு பேசுவார். எதிரொலி வராதாம். 'உழைப்பால் உயர்ந்தவர், உங்கள் வீட்டுப் பிள்ளை' என்று ஒரே வாக்கியத்தை மூன்று பேருக்கும் மூன்று விதமாக இழுத்துச் சொன்னார். அந்த அம்மாளுக்கு மட்டும் பிள்ளை என்பதைப் பெண் என்று மாற்றிக்கொண்டார்.

மரக்கடைக்காரருக்குப் பதிந்தபோதுதான் அந்தத் தப்பு நடந்தது. சாயங்காலம், சிஸ்டர் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். "சிந்திப்பீர், வாக்களிப்பீர்" என்று ரேடியோ முடித்தார். முடித்த மூச்சோடு பதிவை நிறுத்தாமல் அலமாரிக்குள்ளேயே நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தார் போல. சமையலறையிலிருந்து, "என்னங்க, தண்ணி வந்துடுச்சு!" என்று சிஸ்டர் கூப்பிட்டது அதிலே பதிந்துவிட்டது. அதை வெட்ட மறந்து, பதிந்த மெமரி கார்டை மரக்கடைக்காரரின் தேர்தல் ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் வேன் எங்கள் முக்கில் வந்து நின்று முழங்கியது. சிந்திப்பீர், வாக்களிப்பீர். என்னங்க, தண்ணி வந்துடுச்சு. நாலு பெண்கள் வாளியோடு குழாயடிக்கு ஓடினார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் எப்போது வரும் என்பது அதற்கே தெரியாது. ஓடாமல் என்ன செய்வார்கள்? குழாய் காற்றைத் துப்பியது.

ரேடியோ வெட்கப்பட்டுக்கொண்டு வேறு பதிவு செய்துதருவதாகச் சொன்னார். ஏஜெண்ட் மறுத்துவிட்டான்.

"விடுய்யா. நம்ம பேச்சுல ஜனங்க காது குடுத்துக் கேக்கறதே அந்த ஒரு வரியத்தான். அதையும் வெட்டிட்டா அப்புறம் என்ன இருக்கு?"

அவன் ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறான் என்று அப்போது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

மூன்று பேருக்குமாக ஐந்து வேன்கள். எங்கள் முக்கில் மூன்று தெருக்கள் சேர்வதால் எல்லா வேனும் இங்கே நின்றுதான் போகும். ஒருநாள் எரிச்சலில் எண்ணிப் பார்த்தேன். காலை ஒன்பதிலிருந்து பகல் ஒன்றுவரை நாற்பத்தோரு தடவை. வெயிலில் தகரம் மாதிரி காய்ந்து கிடந்த தெருவில் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வரும். கடைக்கு வந்தவர் எத்தனை பிரதி என்று சொன்னாலும் எனக்குக் கேட்காது. விரலைக் காட்டச் சொல்வேன். யாருக்கு ஓட்டு என்று யாராவது கேட்டால், "யாரு முதல்ல நிறுத்தறானோ அவனுக்கு" என்பதுதான் தெருவின் பதில்.

எங்களுக்கெல்லாம் அது தலைவலி. சிஸ்டருக்கு அப்படியில்லை. பஞ்சு வைத்துப் பார்த்தார். தலையணையைத் தலைமேல் கவிழ்த்துப் பார்த்தார். குளியலறைத் தரையில் பாய் போட்டுப் பார்த்தார். என் கடையின் பின்னால் தாள் அடுக்கும் அறையில்கூட ஒருநாள் படுத்தார். எங்கே படுத்தாலும் கட்டின புருஷன் குரல் மூன்று கட்சியாக வந்து எழுப்பியது. அது போதாதென்று கடைசியில் தன் குரலே வந்து தண்ணீர் வந்துவிட்டதாகச் சொன்னது. கண் அசந்த நேரத்தில் அதைக் கேட்டு, தானும் வாளியைத் தூக்கிக்கொண்டு பாதி மாடிப்படி இறங்கிவந்து நின்றிருக்கிறார். நானே பார்த்தேன். சிரிக்கத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அவர் புருஷனிடம் சொன்னார்: "உங்க மேல கோவம் இல்லங்க. ஆனா வீட்டுல பேசாதீங்க. நீங்க வாயத் திறந்தாலே எனக்கு மண்டைக்குள்ள வேன் வந்து நிக்குது."

அன்றிலிருந்து ரேடியோ வீட்டில் வாய் திறக்கவில்லை. என் கடையில் வீணாய்ப் போன தாள்களைக் கேட்டு வாங்கித் துண்டு துண்டாகக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டார். 'உப்பு தீர்ந்தது.' 'உன் அக்கா போன் செய்தாள்.' எல்லாம் பென்சிலில். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை நான் கதையாகத்தான் கேட்டிருந்தேன். மாடி வீட்டிலேயே பார்க்கக் கிடைத்தது.

பன்னிரண்டாம் நாள் காலை சிஸ்டர் மாடிக்குப் போகவில்லை. கடைக்குள் வந்து தாள் பெட்டிமேல் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அண்ணே, நேத்து ராத்திரி ஒரு குழந்தையக் கொன்னிருப்பேன்."

மெஷினை நிறுத்தினேன்.

"ஒரு கிலோ நூறு கிராம்ணே அது. என் கை அளவுதான் இருக்கும். ஊசில ஒரு கோடு மருந்து எடுக்கணும். நான் ஊசி முழுக்க எடுத்து வச்சிருக்கேன். எடுத்தது ஞாபகமே இல்ல. பக்கத்துல துணி மாத்திட்டிருந்த ஆயாம்மா, 'என்ன சிஸ்டர், இந்தப் புள்ளைக்கு இவ்வளவா?'ன்னாங்க. அப்பதான் பாத்தேன்."

"போடலியே?"

"போடல. ஆயாம்மா கேக்கலன்னா போட்டிருப்பேன். நானே ரிப்போர்ட் புக்ல எழுதி வச்சுட்டேன். பெரிய சிஸ்டர் திட்டல. திட்டியிருந்தா பரவால்ல. 'தூங்கிட்டு வா, இல்ல வர முடியலன்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு'ன்னாங்க. நான் போகலன்னா பதினாலு குழந்தைக்கு ஒரே ஒரு ஆளு. போனா இந்தக் கையி." கையை விரித்துப் பார்த்தார். "தேர்தலுக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருக்குண்ணே."

மாடிப்படியில் ரேடியோ நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

தெருமுனையில் ஜிம்காரரின் வேன் வந்து நின்றது. உழைப்பால் உயர்ந்தவர். அது போனதும் சிஸ்டர் எழுந்தார். முகம் கழுவினவர்போல இருந்தார்.

"படுத்தாலும் தூங்கப் போறதில்ல. ரெண்டு நாள் லீவு சொல்லிட்டேன். மூணு பேரையும் நேர்ல பாத்துக் கேக்கப் போறேன். ஒரு தாள் டைப் பண்ணித் தாங்கண்ணே."

"என்னன்னு டைப் பண்ணட்டும்? 'சத்தம் போடாதீங்க'ன்னா?"

"அப்படிச் சொன்னா கேப்பாங்களா? எங்க ஆஸ்பத்திரில பாக்க வர்றவங்களுக்கு என்ன சட்டமோ அதையே போடுங்க. பார்வையாளர் நேரம் சாயங்காலம் நாலுலேர்ந்து ஆறு. அதுக்கு முன்ன பின்ன யாரும் வரக் கூடாது."

அடித்தேன்.

"ஒருத்தரோட ரெண்டு பேருக்கு மேல வரக் கூடாது. பாஸ் இருந்தாத்தான் உள்ள. சத்தம் போடக் கூடாது. படுத்திருக்கறவங்களுக்குக் கேக்கற அளவுக்குப் பேசினாப் போதும்."

"மைக்கு?"

"பாக்க வர்றவன் மைக்கு கொண்டுவருவானாண்ணே? அப்புறம், வந்தவங்க முதல்ல 'எப்படி இருக்கீங்க'ன்னு கேக்கணும். கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் நிக்கணும். தன் கதையப் பேச ஆரம்பிச்சுடக் கூடாது. நோயாளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். பொய்யா 'சரியாயிடும், சரியாயிடும்'னு சொல்றவங்கள நாங்க உள்ளயே விடறதில்ல."

"இங்க யாரு சிஸ்டர் நோயாளி?"

"என்னையப் பாத்துட்டுமா கேக்கறீங்க?"

ரேடியோ ஒரு துண்டுத் தாளை நீட்டினார். 'நானும் வருகிறேன்.' சிஸ்டர் படித்தார். "வாங்க. பேச்சு நான் பேசிக்கறேன்" என்றார்.

கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். பொய் சொல்வானேன், வேடிக்கை பார்க்கும் ஆசையும் இருந்தது.

மரக்கடையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. மரத்தூள் மூக்கில் ஏறியது. மரக்கடைக்காரர் நல்ல மனிதர்தான். ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தாளைப் படித்தார்.

"ரொம்ப நியாயம்மா. என் வீட்டுலயே என் வேன் சத்தம் தாங்கலன்னு சண்டை. ஆனா நான் மட்டும் நிறுத்தினா, பின்வாங்கிட்டான்னு பேசுவாங்க. அவங்க ரெண்டு பேரும் நிறுத்தட்டும், நான் அடுத்த நிமிஷமே நிறுத்தறேன்."

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"இதுல என்ன, தாராளமா." போட்டார். எதிராளிகள் நிறுத்தப்போவதில்லை என்ற தைரியம்.

பெரிய டீச்சர் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அந்த அம்மாள் தாளை வாங்கி, முதலில் சிவப்புப் பேனாவால் என் தட்டச்சுப் பிழைகள் இரண்டைத் திருத்தினார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "நான் முப்பது வருஷம் 'சத்தம் போடாதே'ன்னு சொன்னவ. இப்ப என் பேரைச் சொல்லியே சத்தம் போடறாங்க. எனக்கு மட்டும் பிடிக்குதா? அந்த ரெண்டு பேரும் நிறுத்தட்டும்." அவரும் கையெழுத்துப் போட்டார்.

ஜிம்காரர் இரும்புக் குண்டைத் தூக்கிக்கொண்டே பேசினார். "அக்கா, என் வேன்ல நானே ஏற மாட்டேன், காது போயிடும். மத்தவங்க நிறுத்தறாங்கன்னா நான் ரெடி." வியர்வைக் கையோடு போட்ட கையெழுத்து தாளில் ஊறியது.

திரும்பி வந்து மூன்று தாளையும் மேஜைமேல் பரப்பினார் சிஸ்டர். "முடிஞ்சுதுண்ணே. மூணு பேரும் ஒத்துக்கிட்டாங்க."

"எங்க முடிஞ்சுது? வாசல்ல நின்னுக்கிட்டு 'நீங்க முதல்ல போங்க, நீங்க முதல்ல போங்க'ன்னு சொல்றாங்க. ஒருத்தரும் உள்ள வரப் போறதில்ல."

நான் சொன்னதுதான் நடந்தது. மூன்று பேருக்கும் போன் போட்டுப் பார்த்தோம். மூன்று பேரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு வேன்கள் வழக்கம்போலக் கிளம்பின. பூனைக்கு மணி கட்ட எல்லா எலியும் சம்மதித்திருந்தது. கட்டத்தான் ஆள் இல்லை.

அன்று பகலில் மரக்கடைக்காரர் வேனை ஓட்டும் டிரைவர் வண்டிக் காகிதத்தை நகல் எடுக்க வந்தான். இரண்டு காதிலும் பஞ்சு; அதனால் பெயரும் பஞ்சு. சிஸ்டர் கடையில்தான் இருந்தார். தூக்கம் இல்லாத கண் சிவந்து கிடந்தது.

"ஒரு காப்பியா, ரெண்டா?" என்று கத்தினேன்.

"சாப்பிட்டாச்சுண்ணே" என்றான்.

பஞ்சை எடுக்கச் சொல்லி ஜாடை காட்டினேன். எடுத்தான்.

"என்னைத் திட்டாதீங்க சிஸ்டர். உங்களுக்கு ரெண்டு நிமிஷம், எனக்கு நாள் பூரா. வீட்டுக்குப் போனா பொண்டாட்டி கூப்பிடறது கேக்கல, இந்தப் பேச்சு மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கு. ஒருத்தன் வெளிய எட்டிப் பாக்கறதில்ல. நான் வந்தா ஜன்னல் மூடறாங்க. உங்க வரி வந்தாத்தான் திறக்கறாங்க."

சிஸ்டர் நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"தண்ணி வந்துடுச்சுங்கற வரி. அது வந்தா ஒரு ஜன்னலாவது திறக்கும். பொய்யின்னு தெரிஞ்சும் திறக்குது. வீட்டுக்குள்ளேர்ந்து யாரோ கூப்பிடற மாதிரி இருக்குல்ல?"

சிஸ்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அஞ்சு வேன்லயும் கார்டு மாத்தறது யாரு?"

"நாங்கதான். கறுப்பா பொடிசா ஒரு கார்டு. பிடுங்கிட்டு வேற சொருகினாப் போச்சு."

"மத்த டிரைவருங்க கேப்பாங்களா?"

"கேக்கறதா? கும்பிடுவாங்க." கொஞ்சம் யோசித்தான். "டீச்சர் வேன் ஓட்டறவன் மட்டும் கொஞ்சம் பயப்படுவான். அவன் அவங்ககிட்ட படிச்சவன்."

சாயங்காலம் சிஸ்டர் என்னையும் மாடிக்கு வரச் சொன்னார். ரேடியோ அலமாரியைத் திறந்து போர்வைகளை அடுக்கத் தொடங்கினார்.

"அதெல்லாம் வேண்டாம். நான் அலமாரிக்குள்ள பேச மாட்டேன். சமையல்கட்டுல நின்னே பேசறேன். பாத்திரம் உருண்டா உருளட்டும்."

ரேடியோ கருவியை எடுத்துவந்து அடுப்பு மேடைமேல் வைத்தார். அவருடைய விரல் பொத்தான்மேல் நின்றது. சிஸ்டர் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லணும். இது ஓடினா இனிமே உங்கள ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. கட்சிக்காரங்க மட்டும் இல்ல, கடைக்காரங்களும். இந்த ஊர்ல உங்களுக்கு வேற தொழில் தெரியாது. வேண்டாம்னா தலைய ஆட்டுங்க, விட்டுடறேன். நான் வேலைய விட்டுட்டு வீட்டுல இருந்துக்கறேன்."

ரேடியோ தலையை ஆட்டவில்லை. பையைத் துழாவித் துண்டுத் தாளை எடுத்து எழுதினார். என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். 'அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது?'

சிஸ்டர் அதைப் படித்துவிட்டு மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு. டியூப் வழியா ரெண்டு மில்லி பால் போகுது. கக்கறதில்ல."

ரேடியோ பொத்தானை அழுத்தினார். இவரை ஒல்லிக்குச்சி என்று இத்தனை வருஷமாகக் கேலி செய்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று கையெழுத்துத் தாள்களையும் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டியிருந்தேன். மூன்று தெருவிலிருந்தும் ஐந்து வேன்கள் முக்குக்கு வந்து நின்றன. ஒன்றாகத்தான் ஆரம்பித்தன. ஆனால் கத்தவில்லை. பஞ்சு ஒலியைப் பாதிக்குக் குறைத்து வைக்கச் சொல்லியிருந்தான்.

"என்னங்க, கொஞ்சம் கேளுங்க. தண்ணி வந்துடுச்சுன்னு சொன்னவதான் பேசறேன். இப்ப தண்ணி வரல. நான் ராத்திரி ஆஸ்பத்திரில குழந்தைங்களப் பாத்துக்கறவ. பகல்ல தூங்கினாத்தான் என் கை நடுங்காது. வேட்பாளருங்க மூணு பேரும், மத்தவங்க நிறுத்தினா நானும் நிறுத்தறேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. ஜெராக்ஸ் கடைல ஒட்டியிருக்கு, போய்ப் படிச்சுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் குழாயடிக்கு மூணு பேரையும் கூப்பிட்டிருக்கோம். மைக்கு இல்ல, மேளம் இல்ல. உங்களுக்கு என்ன கேக்கணுமோ வந்து கேளுங்க. வண்டிய இப்ப நிறுத்தறாங்க. நான் தூங்கப் போறேன்."

நடுவில் எங்கோ ஒரு கரண்டி விழுந்த சத்தமும் இருந்தது.

ஜன்னல்கள் திறந்தன. வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஐந்து டிரைவர்களும் சாவியைத் திருப்பி எடுத்து, கீழே இறங்கி நின்றார்கள். யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. என் மெஷின் இப்படி முனகிக்கொண்டே இருக்கும் என்பது பதினான்கு நாளாக எனக்கு மறந்து போயிருந்தது.

அரை மணியில் ஏஜெண்ட் வந்தான். கடைக்குள் நுழையும்போதே கை ஓங்கியிருந்தது. ரேடியோ என் மேஜை அருகில் உட்கார்ந்திருந்தார்.

"யோவ்! உன் பொண்டாட்டிய விட்டு..."

ரேடியோ எழுந்து, உதட்டில் விரலை வைத்தார். இன்னொரு விரலால் மேலே காட்டினார். அன்று முதல் முறையாக ஜன்னலைச் சாத்தாமலே சிஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஏஜெண்ட் மேலே பார்த்தான். என்ன மாயமோ, அவன் குரல் தானாகத் தாழ்ந்தது. மிச்சத் திட்டு முழுவதையும் ரகசியம் பேசுவதுபோலத் திட்டினான். "இனி இந்த ஊர்ல உன் குரல் ஒரு வடிகட்டி விக்கறதுக்குக்கூடக் கேக்காது, பாத்துக்க. நாங்க இன்னிக்கு மத்தியானமே ஆறு வேன் விடறோம்."

சுவரில் ஒட்டியதைப் படித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, அன்று வாளியோடு ஓடியவள், திரும்பினாள். அவளும் மெதுவாகத்தான் கேட்டாள்.

"விடுங்க. இது உங்க ஆளு கையெழுத்துதானே? மத்த ரெண்டு பேரு வண்டியும் நின்னுடுச்சு. முதல்ல யாரு ஸ்பீக்கர் போடறாங்களோ, அவங்கதான் சொல்லு மாறினவங்க. அதான் பாத்துக்கிட்டிருக்கோம்."

ஏஜெண்ட் வெளியே போய் போனில் வெகுநேரம் பேசினான். மத்தியானம் வேன் வரவில்லை. மூன்று பேரும் அடுத்தவன் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். நிறுத்துவதற்குக் காத்திருந்த அதே பொறுமை. அன்று இரவு சிஸ்டர் டியூட்டிக்குப் போனார். படி இறங்கும்போது தன் கையைத் தெருவிளக்கில் நீட்டி எனக்குக் காட்டிவிட்டுப் போனார். நடுக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று நாற்காலிகள் கொண்டுவந்து குழாயடியில் போட்டோம். நான் பாஸ் அச்சடித்திருந்தேன், ஒருவருக்கு இரண்டு. பஞ்சு, காதில் பஞ்சு இல்லாமல், தெருமுனையில் காவல் நின்றான். பெரிய டீச்சர் நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். ஜிம்காரர் ஓட்டமாக வந்தார். மரக்கடைக்காரர் இருபது பேரோடு வந்தார். பஞ்சு கையை விரித்து மறித்தான்.

"டேய், நான் உன் முதலாளிடா!"

"ஆமாங்க. ரெண்டு பேருக்குத்தாங்க பாஸ்."

பதினெட்டுப் பேர் வெயிலில் நின்றார்கள். மூன்று பேர் உள்ளே வந்தார்கள்.

முதல் கேள்வியை வாளிக்காரப் பெண்தான் கேட்டாள். "இந்தக் குழாய்ல தண்ணி எத்தனை மணிக்கு வரும்?"

மரக்கடைக்காரர் எழுந்து நின்று இருமினார். "நான் ஜெயிச்சா இருபத்திநாலு மணி நேரமும்..."

"அது அப்புறம். இப்ப எத்தனை மணிக்கு வருது?"

அவர் குழாயைப் பார்த்தார். குழாய் ஒன்றும் சொல்லவில்லை. "தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் மேடையில் அதுவரை சொன்ன எதையும் நான் நம்பியதில்லை, இதை நம்பினேன்.

"எங்க தெருவுல அஞ்சரைக்கு வரும். உங்க தெரு எனக்கும் தெரியாது" என்றார் டீச்சர். "விசாரிச்சுட்டுப் புதன்கிழமை இதே நேரத்துக்கு வந்து சொல்றேன்." ஜிம்காரர் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார். அப்புறம் சாக்கடை, தெருவிளக்கு, பள்ளிக்கூடத்துக் கதவு என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. பாதிக்குமேல் பதில் இல்லை. ஆனாலும் ஆறு மணிவரை ஒருவரும் எழுந்து போகவில்லை. ஊர் திருந்திவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. மேட்டுத்தெருப் பக்கம் அன்றைக்கும் மேளச் சத்தம் கேட்டது. ஆனால் அந்தத் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து, சிஸ்டரின் தாளில் பத்துப் பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நானும் ரேடியோவும் வீட்டுக்கு வந்தோம். பழக்கத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினோம். சிஸ்டர் அப்போதுதான் எழுந்து, கலைந்த தலையோடு சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. காலை ஒன்பதுக்குப் படுத்தவர். இதையெல்லாம் நடத்திவைத்த மனுஷி அதில் ஒரு நிமிஷத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அய்யோ, முடிஞ்சுடுச்சா? என்னை எழுப்பியிருக்கக் கூடாதாங்க? மூணு பேரும் வந்தாங்களா? என்ன கேட்டாங்க?"

ரேடியோ சட்டைப் பையிலிருந்து துண்டுத் தாளை எடுத்தார். சுவரில் வைத்து, பென்சிலால் 'நாலு மணிக்கு' என்று எழுத ஆரம்பித்தார்.

சிஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கி மேடைமேல் வைத்தார்.

"வாயத் திறந்து சொல்லுங்க. முதல்லேர்ந்து."

ரேடியோ என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அத்தனை நாள் வீட்டுக்குள் அடைத்து வைத்த குரல் கரகரத்து, தேய்ந்து, ஏதோ பயந்துகொண்டே வந்தது.

"நாலு மணிக்கு டீச்சர் முதல்ல வந்தாங்க..."

சிஸ்டர் முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"கேக்கலங்க" என்றார். "இன்னும் கொஞ்சம் சத்தமா."